கைக்கருவிகளில் இரும்புறுப்புகளைப் பற்றவைத்துத் திருத்தும் முறை
(குடியானவர்களுக்கும் கிராமப் பட்டறைக்காரர்களுக்கும் உரிய பாடம்)

கிராமத்தில் உழைத்துப் பிழைப்பவனுக்கு அவனுடைய கைக்கருவியே முதல். நிலமில்லாதவனிடத்திலும் ஒரு மண்வெட்டி இருக்கும். மாடில்லாத வீட்டின் கூரைச் செருகலிலும் ஒரு களைக்கொத்தும் ஓர் அரிவாளும் இருக்கும். அக்கருவி முறிந்தால் அன்றைய கூலி போயிற்று. வேலை நடக்கும்போதே முறிந்தாலோ, கையோ காலோ கண்ணோ பழுதுபட நேரிடும். ஆதலால் கருவியைச் செப்பனிடும் வேலையைச் சில்லறை வேலையென்று எவரும் எண்ணுவது தகாது.

முற்காலத்தில் இவ்வேலை முழுவதும் ஊர்க் கொல்லாசாரியின் உலையைச் சார்ந்திருந்தது. இக்காலத்தில் மின்சாரத்தால் பற்றவைக்கும் பட்டறைகள் பெரும்பாலான ஊர்களிலும் சந்தைப்பேட்டைகளிலும் ஏற்பட்டுள்ளன. மண்வெட்டிக்குப் புதுவாய், களைக்கொத்துக்கு நீண்ட பிடி, கடப்பாரைக்கு நீளம், வாரிக்குப் பல் என்று பலவிதமான உறுப்புகளை ஜனங்கள் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். முறையறிந்து செய்தால் இதனால் சிக்கனமும் சௌகரியமும் உண்டு. முறையறியாது செய்தால் பார்வைக்கு உறுதியாயும் உள்ளே பளிங்குபோல் நொறுங்கக்கூடியதாயும் உள்ள கருவி ஒன்று தொழிலாளியின் கையில் சேரும். அம்முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

சில காலத்துக்கு முன், பட்டறையொன்றில் இதை எழுதுபவர் கண்ட சங்கதி ஒன்று இங்கே கூறத்தக்கது. கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவர் தேய்ந்து குட்டையாய்ப்போன தம் கடப்பாரையைக் கொண்டுவந்து, வேறொரு துண்டுக் கம்பியைச் சேர்த்து நீட்டித் தரும்படி கேட்டார். பட்டறைக்காரரும் இரண்டையும் முட்டவைத்துச் சுற்றிலும் நன்றாய்ப் பற்றவைத்து, அது செந்நிறம் மாறுமுன் வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் கையில் கொடுத்தார். மூன்றாம் நாள், கல்லைப் புரட்டுவதற்காக அதை அழுத்தியபோது கடப்பாரை படீரென்று முறிந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே பெருங்காயம் செய்தது. பட்டறைக்காரர் முறிந்த துண்டுகளைப் பார்த்து, "பற்று விடவில்லை, பற்றுக்குப் பக்கத்தில்தான் இரும்பு முறிந்திருக்கிறது, இரும்புதான் மட்டம்" என்றார். அவர் சொன்னதில் முற்பகுதி மெய்யே. ஆனால் இரும்பை மட்டமாக்கியது யாது என்பதை அவர் அறியவில்லை. அதைப் பின்வரும் பகுதிகளில் ஆராய்வோம்.

1. பற்றவைத்தலின் வகைகள்

இரும்போடு இரும்பைச் சேர்க்கும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த பண்டை உலைகளின் அடையாளங்கள் அகழ்வாராய்ச்சியில் கிடைத்துள்ளன. மெது இரும்பாலான அரிவாளின் வாயில் உருக்குத் துண்டை வைத்து, இரண்டையும் உலையில் வெண்சூடாகக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கும் முறையைக் கொல்லர் தலைமுறை தலைமுறையாய்க் கையாண்டு வந்தனர். இதுவே உலைப்பற்று. இதில் இரும்பு உருகுவதில்லை. ஏறக்குறைய 1,200 டிகிரி சென்டிகிரேட் அல்லது அதற்கும் சற்று மேற்பட்ட சூட்டில் இளகி, அடியினால் ஒன்றுபடுகிறது.

இரண்டாவது, வாயுப்பற்று. அசிட்டிலீன் வாயுவையும் பிராணவாயுவையும் கலந்து எரித்து, சுமார் 3,100 டிகிரி சூடுள்ள சுடரால் இரும்பை உருக்குவது இம்முறை. மூன்றாவது, மின்பற்று. 1880-களில் ருஷிய தேசத்தவராகிய நிக்கலாய் பெனார்தோஸ் என்பவர் கரிக்குச்சிக்கும் இரும்புக்கும் இடையே மின்சாரச் சுடரை எழுப்பி உலோகத்தைப் பற்றவைத்தார். 1888-இல் அந்நாட்டவரே ஆகிய நிக்கலாய் ஸ்லாவியானோவ், கரிக்குச்சிக்குப் பதில் தானே உருகிப் பற்றாகும் உலோகக் கம்பியை உபயோகித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் தேசத்து ஆஸ்கார் ஷெல்பெர்க் அக்கம்பிக்கு மேற்பூச்சு இட்டார். அப்பூச்சு எரிந்து எழும் புகை, உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் காக்கிறது. நம் பட்டறைகளில் 'ராடு' என்று வழங்குவது இக்கம்பியே. சென்னை மாகாணத்தில் 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியபின் மின்கம்பி படிப்படியாய்க் கிராமங்களை எட்டியது. அதன் பின்னரே மின்பற்றுப் பட்டறையும் நாட்டுப்புறத்துக்கு வரலாயிற்று.

நான்காவது, பித்தளைப்பற்று. இதில் இரும்பு உருகாது; வெண்காரம் தூவி, ஏறக்குறைய 900 டிகிரியில் உருகும் பித்தளையை இரண்டு இரும்புகளுக்கும் இடையே ஓடவிடுவர். சிறு உறுப்புகளுக்கு இது நல்ல முறை. ஆனால் கருவியின் வாயருகே இச்சூடு பட்டால் அதன் தோய்ச்சல் கெடும்.

2. இரும்பின் இனத்தை அறிதல்

பற்றவைக்குமுன் அறியவேண்டிய முதல் விஷயம், கையிலுள்ள இரும்பு எவ்வினத்தது என்பதே. இரும்பில் கலந்துள்ள கரிச்சத்தே அதன் குணத்தை நிர்ணயிக்கிறது. நூற்றில் கால்பங்குக்கு உட்பட்ட கரியுள்ளது மெது இரும்பு. கட்டடக் கம்பிகளில் பல, கோணச் சட்டங்கள், குழாய்கள், ஜன்னற்சட்டங்கள் ஆகியவை இவ்வகையின. இது எளிதில் பற்றும். வாகனங்களின் ஸ்பிரிங் பட்டை நூற்றுக்கு அரைப்பங்கும் அதற்குச் சற்று மேலும் கரியுள்ளது. மண்வெட்டி, கடப்பாரை, பிக்காசு முதலியவை பெரும்பாலும் அதனை ஒத்த உருக்கினாலேயே செய்யப்படுகின்றன. அரம் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேற்பட்ட கரியுடையது. கரி ஏற ஏறக் கடினமும் ஏறும். பற்றவைப்பதில் அபாயமும் ஏறும்.

இனத்தை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சாணைச் சக்கரத்தில் இரும்பை இலேசாகத் தொடவைத்து எழும் பொறிகளைக் கவனிக்க வேண்டும். மெது இரும்பின் பொறி வைக்கோல் நிறமாய், நீண்டு, பெரும்பாலும் வெடிக்காமல் ஓடும். கரி மிகுந்த உருக்கின் பொறி, மத்தாப்பூப்போல் நெருங்கி, நுனியில் பல கிளைகளாய் வெடிக்கும். ஒரு கட்டடக் கம்பித் துண்டையும் ஒரு பழைய அரத்தையும் பட்டறையில் எப்போதும் வைத்திருந்து, இவ்விரண்டின் பொறியோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் கண்ணுக்குப் பழக்கம் ஏற்படும். இச்சோதனைக்கு ஒரு நிமிஷமும் செல்லாது. மேலே கூறிய கடப்பாரைக்கு இச்சோதனை செய்திருந்தால் அத்தொழிலாளியின் கால் தப்பியிருக்கும்.

3. பற்றின் அருகே நிகழ்வது யாது?

கொல்லர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. உருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும். பின்பு அதை மெல்லச் சூடுகாட்டி இளக்காவிட்டால் அடிபட்டவுடன் உடையும். பற்றவைக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. பற்றுக் கோட்டின் இரு மருங்கிலும் ஒரு சிறு பகுதி, உருகாவிடினும், செந்நிறச் சூட்டை அடைகிறது. சுற்றிலுமுள்ள குளிர்ந்த இரும்பு அச்சூட்டைச் சில நொடிகளில் உறிஞ்சிவிடுகிறது. தண்ணீர் இல்லாமலேயே அப்பகுதி தோய்க்கப்பட்டதாகிறது. மெது இரும்பில் இதனால் தீங்கு சிறிது. கரி மிகுந்த உருக்கிலோ, பற்றுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நொறுங்கு வளையம் உண்டாகிறது. நமது கடப்பாரை அவ்வளையத்திலேயே முறிந்தது. வாளித் தண்ணீர் அத்தீங்கைப் பன்மடங்காக்கியது.

இதனோடு மற்றொரு தீங்கும் சேர்கிறது. ஈரமான கம்பியிலிருந்தும், துரு, எண்ணெய், வர்ணம் இவற்றிலிருந்தும் ஹைட்ரஜன் வாயு பிரிந்து சூடான உலோகத்தினுள் புகும். இரும்பு குளிர்ந்தபின் அவ்வாயு நொறுங்கு வளையத்தில் சேர்ந்து, சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வெடிப்பை உண்டாக்கும். ஆகையால் பற்றவைத்த மாலையில் குறையில்லாதிருந்த கருவி, மறுநாள் காலையில் வெடித்திருத்தல் கூடும்.

இவ்விரு தீங்குகளுக்கும் பரிகாரம் நான்கு:

முதலாவது, முன்சூடு. கரி மிகுந்த இரும்பைப் பற்றவைக்குமுன் மரக்கரி உலையில் 200 முதல் 300 டிகிரி வரை காயவைத்தல் வேண்டும். சூட்டையறியக் கருவி வேண்டியதில்லை. அரத்தால் ஓரிடத்தை வெள்ளிபோல் தேய்த்துவிட்டுக் காய்ச்சினால், அவ்விடம் 220 டிகிரியளவில் வெளிறிய வைக்கோல் நிறமும், 300 டிகிரியளவில் நீலநிறமும் அடையும். வைக்கோல் நிறம் தோன்றியதும் பற்றவைக்கத் தொடங்கலாம்.

இரண்டாவது, கம்பியின் தேர்வு. மெது இரும்புக்கு 6013 என்னும் எண்ணுள்ள சாதாரணக் கம்பி போதும். கரி மிகுந்ததற்கு ஹைட்ரஜன் குறைந்த 7018 என்னும் வகை உகந்தது. இது ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதால் நன்றாய் உலர்த்தப்பட்டிருத்தல் அவசியம். எல்லா இயந்திரங்களிலும் இது எளிதாய்ச் சுடர் பிடிப்பதில்லை; தம் இயந்திரத்துக்கு ஏற்குமா என்று விசாரித்தே வாங்கவேண்டும்.

மூன்றாவது, சுத்தம். பற்றும் இடத்தில் துரு, வர்ணம், எண்ணெய், மண் ஆகியவை அறவே இல்லாதபடி பளபளப்பாகத் தேய்க்கவேண்டும்.

நான்காவது, மெல்லக் குளிர்தல். வேலை முடிந்ததும் கருவியை உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து, தானாய் ஆறும்வரை விடவேண்டும். தண்ணீரில் அமிழ்த்துதல், ஈரத்துணி சுற்றுதல், ஈரமண்ணில் எறிதல் ஆகியவை ஒருபோதும் கூடா.

4. பற்றவைக்கத் தகாதவை

சில கருவிகளில் எந்த உறுப்பையும் பற்றவைக்காதிருத்தலே நன்று. சுத்தி, சம்மட்டி, உளி, கல்லுடைக்கும் ஆப்பு ஆகியவை ஓயாது அதிர்ச்சி ஏற்பவை. இவற்றில் பற்று விட்டாலும், அருகே வெடித்தாலும், சில்லு பறந்து கண்ணைக் கெடுக்கும். கோடாலியின் இலையிலும் அவ்வாறே. கடப்பாரையின் நடுப்பகுதி நெம்பும்போது மிகவும் வளைவது. அங்கே குறுக்கே பற்று வைப்பது முறிவுக்கு வழிசெய்வதாகும். கடப்பாரைக்கு மிதிப்படி வேண்டுமாயின், இரண்டு பட்டைகளை இருபுறமும் அணைத்து மரையாணியால் முடுக்குவதே முறை. வேண்டாதபோது கழற்றியும் வைக்கலாம். தேய்ந்து குட்டையான கடப்பாரையை நீட்டுவதைவிட, முனையை உலையில் காய்ச்சி அடித்துக் கூராக்கி, குட்டைக் கடப்பாரையாகவே வேலிக்கால் நடுவதற்கு வைத்துக்கொள்வது புத்தி. வார்ப்பிரும்பும் சாதாரணக் கம்பிக்கு இணங்காது, குளிரும்போது வெடிக்கும்.

5. உறுப்பின் அமைப்பும் எடையும்

கருவியின் உறுப்பு நீளும்தோறும் பற்றின்மேல் விழும் பாரமும் ஏறும். மண்வெட்டியின் வாயில் 20 கிலோ எதிர்ப்பு உண்டென்றும், வாயிலிருந்து பற்றுக்கு 15 சென்டிமீட்டர் தூரம் என்றும் கொள்வோம். பற்றை வளைக்கும் வன்மை 20-ஐ 15-ஆல் பெருக்கிய 300 ஆகும். அதே இலையை 25 சென்டிமீட்டராக நீட்டினால் 500 ஆகும். பத்து சென்டிமீட்டர் நீட்டியதற்கு முன்னிருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு பாரம் கூடுகிறது. ஆதலால் நீட்டவேண்டியதை மாத்திரமே நீட்டுக. நீட்டிய இடத்தில் முக்கோண முட்டுத் தகடு வைத்துத் தாங்குக.

இரண்டு துண்டுகளை முனையோடு முனை முட்டவைப்பதைவிட, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து இருபுறமும் பற்றவைத்தல் உறுதி. பற்றுக்கோடு திடீரென்று ஓரத்தில் முடியும் இடமே வெடிப்புக்குப் பிறப்பிடம். அதனால் முனையைச் சுற்றித் திருப்பி முடிக்கவேண்டும். பற்றின் ஓரத்தில் இரும்பு அரிக்கப்பட்டு வாய்க்கால்போல் குழிந்திருந்தால் மின்னோட்டம் மிகுந்ததென்று அறிக. பற்று மேலே உருண்டு அடியில் பிடிக்காதிருந்தால் மின்னோட்டம் போதாதென்று அறிக. 2.5 மில்லிமீட்டர் கம்பிக்கு 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மில்லிமீட்டர் கம்பிக்கு 90 முதல் 130 ஆம்பியரும் சாதாரணமாய்ப் பொருந்தும்.

எடையைப் பற்றிப் பட்டறைக்காரர் பலர் சிந்திப்பதில்லை. நிமிஷத்துக்கு 20 தரம் கொத்துபவர் மணிக்கு 1,200 தரமும், ஆறு மணி நேரத்தில் 7,200 தரமும் கருவியைத் தூக்குகிறார். அதில் 100 கிராம் வீணாய்க் கூடினாலும், ஒரு நாளில் 720 கிலோ அதிகமாய்த் தூக்கியதாகிறது. பட்டறையில் தாராளமாய் ஒட்டவைத்த இரும்பைத் தோளில் சுமப்பவர் தொழிலாளியே. ஆகவே உறுதிக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அவுன்சும் சேர்க்கலாகாது.

இரு கருவிகளை ஒன்றாக்குவதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 1910-ஆம் ஆண்டுப் பெருங்காட்டுத்தீயில் தம் ஆட்கள் பலரைச் சுரங்கமொன்றினுள் ஒதுக்கிக் காத்த வனக்காவல் அதிகாரி எட்வர்ட் புலாஸ்கி, அதன்பின் 1911-ஐ ஒட்டி, ஒரு புறம் கோடாலியும் மறுபுறம் கொத்தும் உள்ள கருவியைத் தம் கொல்லுலையில் அமைத்துப் பரவச் செய்தார். தீத்தடுப்போர் அவர் பெயராலேயே அழைத்து இன்றும் அதை உபயோகிக்கின்றனர். மரத்தை வெட்டுதலும் உடனே வேரைக் கொத்துதலும் மாறிமாறி வேண்டிய வேலையில் அது சிறந்தது. ஆனால் நாள் முழுவதும் ஒரே வேலை செய்பவருக்கு மறுபுறத்து இரும்பு வீண் சுமையே. இணைப்பதற்குமுன் வேலை எத்தகையது என்று ஆராயவேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

6. முதல் மாதிரி வேலை: களைக்கொத்துக்கு நீண்ட பிடி

நம் நாட்டில் களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலை. முழங்கை நீளமும் இல்லாத பிடியுள்ள களைக்கொத்தைக் கொண்டு, காலை முதல் குனிந்தோ குந்தியோ செய்வதால் இடுப்பும் முழங்காலும் கெடுகின்றன. இது நம் தேசத்தில் மாத்திரம் உள்ள துன்பமன்று. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் குட்டைப் பிடிக்கொத்தால் முதுகு கெட்டு வருந்தி வழக்காடியதன் பயனாய், 1975-இல் அக்கருவி விலக்கப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், நின்றபடியே தள்ளியிழுக்கும் நீண்ட பிடிக் களைக்கருவிகளைப் புன்செய் நிலங்களுக்கென அமைத்துள்ளது. உள்ள களைக்கொத்தையே நீண்ட பிடியுடையதாக்கும் முறை வருமாறு.

வேண்டியவை: பழைய களைக்கொத்தின் இலை, ஓர் அங்குலக் கறுப்புக் குழாய்த் துண்டு, 8 சென்டிமீட்டர் நீளம், சுமார் 200 கிராம் எடை, 3 மில்லிமீட்டர் மெதுத் தகட்டில் வெட்டிய சிறு முக்கோணம் இரண்டு, மூங்கிற்பிடி ஒன்று, வேலை செய்பவருடைய மோவாய் உயரம். துத்தநாகம் பூசிய வெள்ளைக் குழாயை உபயோகிக்கலாகாது. காரணம் பின்னர்க் கூறப்படும்.

செய்முறை: முதலில் இலையின் பழைய காம்பை அறுத்து, பற்றும் இடத்தைத் தேய்க்கவும். குழாயின் ஒரு முனையைச் சாய்வாக அறுத்து, இலையோடு பொருத்தினால் பிடிக்கும் இலைக்கும் இடையே ஏறக்குறைய 70 டிகிரி கோணம் அமையும்படி செய்யவும். இரண்டு இடங்களில் மாத்திரம் புள்ளிப்பற்று வைத்து நிறுத்தவும். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். பிடியைச் செருகி, அக்கருவியை உபயோகிக்கப்போகும் பெண்மணியின் கையிலேயே கொடுத்து, நிமிர்ந்து நின்று தரையை இழுத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். இலை தரையில் வழுக்கினால் கோணத்தைச் சிறிது குறைக்கவும்; அளவுக்கு மேல் ஆழ்ந்தால் சிறிது கூட்டவும். அவருக்குத் திருப்தியானபின் பிடியைக் கழற்றி, இலையைக் காய்ச்சி, குழாயைச் சுற்றிலும் பற்றவைத்து, இரு பக்கத்திலும் முக்கோணத் தகடுகளைச் சேர்க்கவும். பற்று, இலையின் வாயை நெருங்காமல் மேற்பகுதியிலேயே நிற்கவேண்டும். சாம்பலில் ஆறவைத்தபின் குழாயில் துளையிட்டு, பிடியை ஆணியால் நிறுத்தவும். பிடியின் நுனியைச் சீவும்போது திடீரென்று படி விழாமல் சிறுகச் சிறுக மெலியும்படி சீவுதல் நலம். படி விழுந்த இடத்திலேயே மரம் ஒடியும்.

நெருங்கிய நாற்றுக்கிடையே கையால் பிடுங்கவேண்டிய களைக்கு இக்கருவி உதவாது. வரிசையாய் விதைத்த கடலை, சோளம், பருத்தி ஆகியவற்றுக்கே இது தகும்.

7. இரண்டாவது மாதிரி வேலை: தேய்ந்த மண்வெட்டிக்குப் புதுவாய்

பிடி செருகும் வளையம் வெடித்து எறியப்பட்ட மண்வெட்டி ஒன்றும், வாய் தேய்ந்து வளையம் நன்றாயுள்ள மண்வெட்டி ஒன்றும் பல வீடுகளில் கிடக்கும். முன்னதன் இலையைப் பின்னதற்கு வாயாக்கலாம். முன்னதில் 20 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பட்டையை, அதன் கூர்வாய் கெடாமல் வெட்டியெடுக்கவும். கனம் 3 மில்லிமீட்டராயின் எடை ஏறக்குறைய 280 கிராம். இதில் 2 சென்டிமீட்டர் பழைய இலையின்மேல் ஏறியும், 4 சென்டிமீட்டர் வெளியே நீண்டும் இருக்கவேண்டும்.

பட்டையை வேலை செய்பவரை நோக்கிய முகத்தில் வைக்கவேண்டும். மண்ணை இழுக்கும்போது எதிர்ப்பு பட்டையைப் பழைய இலையின்மேல் அழுத்துமாதலால் பற்றுக்குப் பாரம் குறையும். புறமுகத்தில் வைத்தால் அவ்வெதிர்ப்பே பட்டையைப் பெயர்க்கப் பார்க்கும்.

இரண்டையும் இறுக்கிப் பிடித்து, வைக்கோல் நிறம் காணும்வரை காய்ச்சி, 2.5 மில்லிமீட்டர் கம்பியால், இரண்டரைச் சென்டிமீட்டர் பற்று, இரண்டரைச் சென்டிமீட்டர் இடைவெளி என்று விட்டுவிட்டுப் பற்றவைக்கவும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என மாற்றி வைத்தால் இலை முறுக்கிக்கொள்ளாது. பிறகு மறுமுகத்திலும் அவ்வாறே செய்யவும். கூர்வாய் பற்றுக்கு எட்டவிருப்பதால் அதன் தோய்ச்சல் கெடாது; திரும்பத் தோய்க்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆறியபின் வாயைச் சாணையில் இலேசாகத் தீட்டினால் போதும். சாணையில் நீலம் பாயும்வரை அழுத்தினால் செய்த வேலையெல்லாம் வீண்.

8. சோதனை செய்தல்

பற்றவைத்த கருவியை இரண்டு நாள் கழியாமல் உடையவரிடம் ஒப்பிக்கலாகாது. மூன்றாம் நாள் கசடு முழுவதையும் தட்டி நீக்கி, பின்வரும் சோதனைகளைச் செய்யவேண்டும்.

அ. ஓசை: கருவியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினால் மணிபோல் ஒலிக்கவேண்டும், சட்டியுடைந்த ஓசை வந்தால் வெடிப்பு உண்டென்று ஐயுறுக.

ஆ. மண்ணெண்ணெய்: பற்றின் மேலும் அருகிலும் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் கழித்து நன்றாய்த் துடைத்து, சுண்ணாம்புக்கட்டித் தூளைப் பூசவும். வெடிப்பிருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் கறுத்த கோடாய்த் தோன்றும். எண்ணெய் முழுதும் நீங்குமுன் நெருப்பருகே கொண்டுபோகலாகாது.

இ. பாரம்: கருவியை வைஸில் பிடித்து, வேலையில் நேரும் பாரத்தைவிட ஒன்றரை மடங்கு பாரத்தை வாயில் தொங்கவிடவும். அருகில் எவரும் நிற்கலாகாது. பட்டறையில் முறிவது பட்டறைக்காரருக்குச் சிறு நஷ்டம். வயலில் முறிவது தொழிலாளிக்குப் பெருநஷ்டம்.

9. முன்ஜாக்கிரதை

மின்பற்றின் சுடரை வெறுங்கண்ணால் பார்த்தால் சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிந்து நீர் வழியும். 10 அல்லது 11 எண்ணுள்ள கறுப்புக் கண்ணாடி முகமூடி இன்றிப் பற்றவைக்கலாகாது. சாதாரணக் குளிர்ச்சிக் கண்ணாடி காவலாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவரைத் துரத்தினால் மாத்திரம் போதாது. சாக்குப்படுதாவாவது கட்டி மறைக்கவேண்டும்.

துத்தநாகம் பூசிய தகடும் குழாயும் சூடேறும்போது வெண்புகை எழும். அதை முகர்ந்தவருக்கு அன்றிரவே குளிரும் ஜுரமும் காணக்கூடும். பால் குடித்தால் தீருமென்று சிலர் நம்புவது தவறு. பூச்சை முழுவதும் நீக்குவதும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதுமே காவல். பெட்ரோல், எண்ணெய், பூச்சிமருந்து இருந்த மூடிய பீப்பாய்களில் நெருப்புப் படுவது வெடிகுண்டுக்குத் திரி வைப்பதையொக்கும். மரப்பிடியைக் கழற்றிய பின்னரே பற்றவைக்க வேண்டும். ஈரத்தரையில், ஈரக்கையுடன், வெறுங்காலுடன் மின்பற்று வேலை செய்வது உயிருக்கு அபாயம். பருத்தியாடையும் தோலுறையும் அணிக. நெருப்பில் உருகி ஒட்டும் நைலான் துணி ஆகாது.

10. முடிவுரை

நமது கிணறு வெட்டும் தொழிலாளியின் காயம் ஆறச் சில வாரங்கள் சென்றன. அந்நாட்களின் கூலி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பட்டறைக்காரர் தீய எண்ணமுடையவரல்லர். கேட்டதைச் செய்து கொடுத்தார். நியாயமான கூலியே வாங்கினார். அவரிடம் இல்லாதது, பொறியைப் பார்த்து இரும்பை அறியும் ஒரு நிமிஷப் பொறுமையும், சாம்பலில் ஆறவிடும் ஓர் இரவின் பொறுமையுமே. முந்தைய கொல்லரிடம் இவ்விரண்டும் இருந்தன. புதிய இயந்திரம் வேலையை விரைவாக்கியதேயன்றி, இரும்பின் குணத்தை மாற்றிவிடவில்லை.

கருவியைக் கொண்டுவருபவர்களும் தம் கடமையை அறியவேண்டும். "உடனே வேண்டும்" என்று பட்டறையில் நெருக்குவதை விட்டு, அறுவடைக்கும் களையெடுப்புக்கும் முன்னதாகவே கருவிகளைக் கொடுத்து, மூன்றாம் நாள் சோதனையோடு பெற்றுக்கொள்க. பட்டறைக்காரர்கள், தகாத வேலையைக் "கூடாது" என்று சொல்லத் தயங்கவேண்டாம். அவ்வொரு சொல்லால் இழக்கும் கூலி சிறிது. காக்கும் கை, கால்கள் பல.

படிப்பு வட்டங்களில் கேட்பதற்குரிய வினாக்கள்

1. மெது இரும்பின் பொறிக்கும் அரத்தின் பொறிக்கும் உள்ள வேற்றுமை யாது?
2. கடப்பாரை பற்றில் முறியாமல் பற்றின் பக்கத்தில் முறிந்தது ஏன்?
3. முன்சூடு போதுமானதென்பதைக் கருவியின்றி அறிவது எவ்வாறு?
4. மண்வெட்டியின் புதுவாயை எம்முகத்தில் வைக்கவேண்டும்? காரணம் கூறுக.
5. 150 கிராம் கூடிய கொத்தால், நிமிஷத்துக்கு 20 தரம் வீதம் ஐந்து மணி நேரம் வேலை செய்பவர் எத்தனை கிலோ அதிகமாய்த் தூக்குகிறார்? விடை: 900.
6. உங்கள் வீட்டிலுள்ள கருவிகளில் பற்றவைத்தவை எத்தனை? அவற்றை மண்ணெண்ணெய் கொண்டு சோதித்து, கண்டதை அடுத்த கூட்டத்தில் கூறுக.